வித்து அறையில் யூவி விளக்கு: பூஞ்சை ஸ்போர்களுக்கு இருபது நிமிடம் போதுமா?

வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கங்களில் காளான் வித்து (அவித்த சோளத்தில் வளர்த்தெடுக்கும் காளான் இழை) தயாரிக்கும் சிறிய அறைகளில் பெரும்பாலும் கிருமிகளைக் கொல்ல ஒரு யூவி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு மாட்டியிருக்கும். வேலை தொடங்குமுன் அதை இருபது நிமிடம் எரியவிடுவது வழக்கம். கோடையில் இந்த வழக்கத்தால் பெரிய தொல்லை வருவதில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, வைக்கோல் போரில் ஈரம் ஏறிய பிறகுதான், அதே இருபது நிமிடத்துக்கு அப்புறமும் சோளப் பைகளில் கறுப்பும் பச்சையும் தலைகாட்டுகின்றன.

பாக்டீரியாவைக் கொல்ல அந்த இருபது நிமிடம் தாராளம். பைகளில் கறுப்பாகப் படரும் பூஞ்சையின் ஸ்போர்களுக்கு (விதைபோல் பறந்து பரவும் நுண்துகள்களுக்கு) அது அரைகுறை. எத்தனை நிமிடம் வேண்டும் என்பதை யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் விளக்கு, உங்கள் மேசை, உங்கள் அறைக்கு வரும் பூஞ்சை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவுசெய்கின்றன. பிரஷர் குக்கரும், பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் மூடியுள்ள சில பெட்ரி தட்டுகளும் இருந்தால் அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: பையில் வந்திருப்பது எது, எங்கிருந்து வந்தது?

கெட்டுப்போன பையைத் திறக்காமலே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரித்தூள் தூவியதுபோல் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். அடர்பச்சைத் திட்டு என்றால் டிரைக்கோடெர்மா, நீலம் கலந்த பச்சை என்றால் பெனிசிலியம். சாம்பல் நிறப் பஞ்சு இழைகளின் நுனியில் ஊசித்தலை அளவு கறுப்புப் புள்ளிகள் நின்றால் ரைசோபஸ். ஆரஞ்சு நிறத்தில் பை வாயின் பஞ்சையே துளைத்துக்கொண்டு வருவது நியூரோஸ்போரா. அது ஒரு பையில் தெரிந்தால் அந்தப் பையை அன்றைக்கே அறையைவிட்டு அப்புறப்படுத்துங்கள். சோளம் பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தால் பாக்டீரியா.

எங்கே தொடங்கியிருக்கிறது என்பதை நிறத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். பையின் நடுவிலும் அடியிலும் அங்கங்கே பரவலாக முளைத்திருந்தால் சோளம் சரியாக அவியவில்லை. யூவி விளக்கை நாள் முழுக்க எரித்தாலும் அதற்குத் தீர்வு இல்லை. மேல்பகுதியில், தாய் வித்தை (பையில் காளான் இழையைத் தொடங்கிவைக்கும் முதல் வித்து) போட்ட இடத்தையோ பஞ்சு அடைப்பையோ ஒட்டித் தொடங்கியிருந்தால் மட்டுமே அறைக் காற்றின் மேலும் மேசையின் மேலும் சந்தேகப்பட வேண்டும். இனி வரும் படிகள் அந்த இரண்டாவது வகைக்கு உரியவை.

இரண்டாம் படி: ஒளி ஸ்போருக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

கிருமிநீக்கக் குழல்விளக்குகளில் குறைந்த அழுத்தத்தில் பாதரச ஆவி இருக்கிறது. அவை வெளியிடும் புற ஊதாக் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 254 நானோமீட்டர். டிஎன்ஏ மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம் 260-ஐ ஒட்டியிருக்கிறது. கதிரை உறிஞ்சிய டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் (டிஎன்ஏவின் கட்டுமான மூலக்கூறுகளில் ஒரு வகை) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த முடிச்சு விழுந்த இடத்தில் நகலெடுப்பு தடைப்படுகிறது. முடிச்சுகள் பெருகினால் ஸ்போர் முளைத்தாலும் வளர முடியாமல் நின்றுவிடும்.

இந்த அறிவு வந்ததில் பூஞ்சைக்கே ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும் செய்தி. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஹொலாண்டரும் செஸ்டர் எம்மன்ஸும் தோல் படைக்குக் காரணமான டிரைக்கோபைட்டன் பூஞ்சையின் ஸ்போர்கள்மீது வெவ்வேறு அலைநீளங்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். எந்த அலைநீளம் அதிக மரபு மாற்றங்களை உண்டாக்கியதோ, அதுவே நியூக்ளிக் அமிலம் (டிஎன்ஏ இந்த வகைதான்) அதிகம் உறிஞ்சும் அலைநீளமாகவும் இருந்தது. மரபுப்பொருள் புரதம் என்று பலரும் நம்பிய காலம் அது.

பாக்டீரியாவைவிடப் பூஞ்சை ஸ்போர் ஏன் தாக்குப்பிடிக்கிறது? முதல் காரணம் நிறம். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரின் கறுப்பு, மெலனின் வகை நிறமியால் வருவது. கதிர் உட்கருவை எட்டுமுன் அதில் பெரும்பகுதியை ஸ்போர்ச் சுவரே உறிஞ்சிவிடுகிறது. சித்திரை வெயிலில் குடை பிடித்து நடப்பவரைப் போலத்தான் உள்ளே டிஎன்ஏ இருக்கிறது. மரபு மாற்றத்தால் நிறமியை இழந்து வெளுத்துப்போன ஆஸ்பர்ஜில்லஸ் ஸ்போர்கள், நிறமுள்ளவற்றைவிடக் குறைந்த கதிரிலேயே மடிவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது, ஸ்போர்கள் ஒட்டிக்கொண்டு கொத்தாகப் பறப்பது. வெளியே இருப்பது செத்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. சில இனங்களில் ஒரே ஸ்போருக்குள் பல உட்கருக்கள் உண்டு. அதில் ஒன்று பிழைத்தாலும் போதும்.

கடைசிக் காரணத்தை நம் அறைகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விழுந்த முடிச்சை அவிழ்க்கும் என்சைம்கள் ஸ்போரிடம் உண்டு. அவற்றில் ஒன்றான ஃபோட்டோலயேஸ், நீல ஒளியின் ஆற்றலை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது. யூவி விளக்கை அணைத்த கையோடு வெள்ளைக் குழல்விளக்கைப் போட்டால், அடிபட்ட ஸ்போருக்கு அது மருத்துவ உதவி. இருட்டிலும் வேறு வழியில் பழுதுபார்ப்பு நடக்கும், ஆனால் மெதுவாக.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

கதிரின் அளவு என்பது செறிவை நேரத்தால் பெருக்கியது. செறிவைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் என்றும், அளவை இத்தனை மில்லிஜூல் என்றும் சொல்வார்கள்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஜூல் விழுந்தால் பத்தில் ஒன்பது நுண்ணுயிர்கள் மடியும் என்பதற்கு விளக்குத் தயாரிப்பாளர்களின் பழைய அட்டவணைகள் தரும் எண்கள் இவை: ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 3, ரொட்டி ஈஸ்டுக்கு 6, பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டிக்கு 13, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸுக்கு 60, ரைசோபஸுக்கு 111, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜருக்கு 132. ஒரே இனத்திலேயே வகைக்கு வகை வேறுபாடு உண்டு என்பதால் இவற்றை இறுதி எண்களாகக் கொள்ள வேண்டாம். ஆனால் 3-க்கும் 132-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். நாற்பது மடங்குக்கு மேல்.

நல்ல நிலையில் இருக்கும் 30 வாட் கிருமிநீக்கக் குழல், ஒரு மீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவாட் தரும். இருபது நிமிடம் என்றால் 1200 விநாடி. பெருக்கினால் 120 மில்லிஜூல். ஈ.கோலை இதில் தப்பவே முடியாது. நைஜருக்கோ பத்தில் ஒன்பது சாவதற்குத் தேவையான 132-ஐக்கூட இது எட்டவில்லை. எட்டில் ஒன்று பிழைத்திருக்கும். ஆயிரத்தில் ஒன்று மட்டும் மிஞ்ச வேண்டும் என்றால் அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 396 மில்லிஜூல் வேண்டும்: ஒரு மணி நேரமும் ஆறு நிமிடமும்.

இது ஒரு மீட்டரில். விளக்கைக் கூரையில் மாட்டி, மேசை இரண்டு மீட்டர் கீழே இருந்தால் செறிவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்த மேசையில் இருபது நிமிடத்துக்குப் பிறகும் நைஜர் ஸ்போர்களில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கும். கூரை விளக்கை நம்பி உட்காருபவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நான்காம் படி: விளக்கையும் அறையையும் ஒழுங்குபடுத்துங்கள்

விளக்கைத் தாழ்த்துங்கள். மேசைக்கு மேல் அறுபது, எழுபது சென்டிமீட்டரில் இருந்தால் அதே குழல் இன்னும் வலுவாக வேலை செய்யும். லேமினார் ஃப்ளோ பெட்டி (வடிகட்டிய காற்று சீராக வீசும் வேலைப் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி தானாகவே கிடைத்துவிடுகிறது.

குழலைக் கையால் தொடாமல், ஸ்பிரிட் நனைத்த துணியால் வாரம் ஒருமுறை துடையுங்கள். மெல்லிய தூசிப் படலமே கதிரை மறைத்துவிடும். "நீல வெளிச்சம் நன்றாகத்தானே வருகிறது?" என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, கொல்லும் கதிர் வேறு. குழல் பழசாகும்போது நீலம் அப்படியே இருக்க, 254 நானோமீட்டர் கதிர் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். நல்ல குழலுக்குப் பொதுவாக 9000 மணி நேரம் ஆயுள் சொல்வார்கள். அடிக்கடி போட்டு அணைத்தால் அதுவும் குறையும். சோக் வைத்த விளக்கில் மின்னழுத்தம் தாழ்ந்தால் கதிரும் தாழும். கிராமப்புற லைனில் மாலை நேரத்தில் இதைக் கவனியுங்கள்.

கதிர் எதையும் ஊடுருவாது. சாதாரணக் கண்ணாடி, பெட்ரி தட்டின் மூடி, பையின் மடிப்பு, ஒரு துளி மாவு எதுவானாலும் அதன் பின்னால் நிழல். அந்த நிழலில் இருக்கும் ஸ்போருக்கு விளக்கு எரிவதே தெரியாது. ஆகையால் மேசையில் ஸ்பிரிட் விளக்கும் கத்தியும் தவிர எதுவும் வேண்டாம். அறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். வைக்கோல் வெட்டும் இடம் வித்து அறையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. வைக்கோல் வெட்டிய சட்டையோடு உள்ளே வருபவர், விளக்கு ஒரு மணி நேரம் செய்ததை ஒரு நொடியில் அழித்துவிடுகிறார்.

சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 254 நானோமீட்டர் கதிருக்கு, எட்டு மணி நேர வேலைநாளுக்கு மனிதருக்கான வரம்பாக நீண்டகாலமாகப் பின்பற்றப்படுவது சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். மேலே சொன்ன விளக்கின் கீழ் ஒரு மீட்டரில் நின்றால் அறுபது விநாடியில் அது தீர்ந்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், நீர் கொட்டும். ராணிப்பேட்டைப் பட்டறைகளில் வெல்டிங் செய்பவர்களுக்கு இந்த வேதனை தெரியும். விளக்கு எரியும்போது எவரும் உள்ளே இருக்கக்கூடாது. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டை ஒட்டிய அறை என்றால் கதவு திறந்ததும் விளக்கு அணையும்படி ஒரு சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் விளக்கை நீங்களே சோதியுங்கள்

சோதனைக்கான ஸ்போரை எங்கும் வாங்க வேண்டாம். வெங்காயத்தின் வெளித்தோலை உரித்தால் உட்புறத்தில் விரலில் ஒட்டும் கறுப்புத் தூள் இருக்கிறதே, அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்தான். முகக்கவசம் அணிந்து, வித்து அறைக்கு வெகு தொலைவில், காற்று அடிக்காத இடத்தில் இதைச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்களும் இந்தப் படியைத் தொடவே வேண்டாம். மஞ்சள்பச்சைப் பூஞ்சையை எடுக்காதீர்கள். அது நச்சு சுரக்கும் ஃபிளேவஸாக இருக்கலாம்.

ஸ்போர் வளரும் ஊடகம் எளிது. 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருள்), எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர். குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் இருபது நிமிடம் வைத்து, தட்டுகளில் ஊற்றி ஆறவிடுங்கள்.

கொதித்து ஆறிய நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, அதில் கறுப்புத் தூளைக் கலக்குங்கள். வெறும் நீரில் நைஜர் ஸ்போர் நனையாது. மேலே மிதந்து வட்டமிடும். நன்றாகக் குலுக்கி, குக்கரில் வைத்தெடுத்த பஞ்சின் வழியாக வடிகட்டினால் கொத்துகளும் தோல் துணுக்குகளும் தங்கிவிடும். இந்தக் கரைசலைப் பத்தில் ஒன்றாக, அதிலிருந்து இன்னும் பத்தில் ஒன்றாக, மேலும் மேலும் நீர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலிட்டரை ஒரு தட்டில் பரப்பி வைத்து, எந்த நீர்ப்பில் ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் புள்ளிகள் முளைக்கின்றன என்று பாருங்கள். மிச்சக் கரைசலைக் குளிர்சாதனப் பெட்டியில் இறுக மூடி வையுங்கள். ஆனால் சமையல் பொருள்கள் இருக்கும் பெட்டியில் வேண்டாம்.

இப்போது உண்மையான சோதனை. ஒவ்வொரு நேரத்துக்கும் மூன்று தட்டுகள்: ஒன்றில் ஐம்பது ஸ்போர் தரும் கரைசல், அடுத்ததில் அதைவிடப் பத்து மடங்கு, மூன்றாவதில் நூறு மடங்கு அடர்த்தியானது. நூறில் ஒன்று பிழைக்கும் நிலையை ஐம்பது ஸ்போர் உள்ள தட்டில் பார்க்க முடியாது. ஐயாயிரம் உள்ள தட்டில்தான் தெரியும். நேரங்களை 0, 10, 20, 40, 80 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விளக்கை ஐந்து நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். தட்டுகளை வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் வைத்து மூடியைக் கழற்றுங்கள். மூடியோடு வைத்துச் சோதித்துவிட்டு விளக்கு பயனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மூடியைத் தாண்டிக் கதிர் போகவே இல்லை என்பதுதான் அங்கே நடந்தது. ஒவ்வொரு தட்டின் பாதியையும் அலுமினியத் தாளால் மறைத்துவிட்டால் நிழலின் கதையும் அதே தட்டில் கிடைக்கும். வெளியே வந்து விளக்கைப் போடுங்கள்.

நேரம் முடிந்ததும் மஞ்சள் அல்லது சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தட்டுகளை மூடி, கறுப்புத் தாளில் சுற்றி வையுங்கள். 20 நிமிட அளவுக்கு மட்டும் இன்னொரு தொகுப்பு செய்து, அதை எடுத்தவுடன் வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் இரண்டு மணி நேரம் வைத்த பிறகு சுற்றுங்கள். ஒளியால் ஸ்போர்கள் எவ்வளவு மீள்கின்றன என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

ஆறாம் படி: தட்டுகளை வாசியுங்கள்

நைஜர் விரைந்து பரவும். இரண்டாம் நாள், புள்ளிகள் வெள்ளையாகச் சிறுத்து இருக்கும்போதே, மூடியைத் திறக்காமல் தட்டின் அடிப்பக்கத்தில் பேனாவால் குறித்து எண்ணிவிடுங்கள். கறுத்துப் பரவிய பிறகு எண்ண முடியாது. ஆனால் கதிர்பட்ட தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஐந்து நாளாவது வைத்திருங்கள். அடிபட்டுத் தேறிய ஸ்போர் தாமதித்து முளைக்கும். இரண்டாம் நாள் வெறுமையாக இருந்த தட்டில் நான்காம் நாள் புள்ளி எழுவது வழக்கம்.

எண்ணிக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கோடு முதலில் கொஞ்சம் தட்டையாகப் போய், பிறகு சரிந்து, கடைசியில் மறுபடி தட்டையாகலாம். தொடக்கத் தட்டை, ஸ்போர் சிறு பழுதைத் தாங்கிக்கொள்ளும் பகுதி. கடைசித் தட்டை, கொத்துக்குள்ளும் நிழலிலும் மறைந்திருப்பவற்றால் வருவது; அந்த இடத்துக்கு வந்த பிறகு நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. மின்சாரம்தான் செலவு.

ஒரு தட்டில் புதிதாக வெளிர் பழுப்பிலோ வெள்ளையிலோ ஒரு நைஜர் புள்ளி வந்தால் வியக்க வேண்டாம். அரைகுறைக் கதிர் மரபு மாற்றங்களை உண்டாக்கும். 1940-களில் பெனிசிலின் உற்பத்தியைப் பெருக்கப் பெனிசிலியம் வகைகளை இதே முறையில் யூவியால் மாற்றிப் பொறுக்கியிருக்கிறார்கள். நம் அறையில் அதற்கு இடமில்லை. எண்ணி முடித்ததும் எல்லாத் தட்டுகளையும் திறக்காமலே குக்கரில் 15 பவுண்டில் அரை மணி நேரம் வைத்து அழித்துவிடுங்கள். அந்தக் குக்கர் சமையலுக்குத் திரும்பக்கூடாது.

ஏழாம் படி: கிடைத்த எண்ணை வேலையில் சேருங்கள்

நூறில் ஒன்றாகக் குறைக்க உங்கள் மேசையில் எத்தனை நிமிடம் ஆனதோ, அதுவே உங்கள் குறைந்தபட்ச நேரம். அறுபது நிமிடம் என்று வந்தால் அறுபதுதான். காலையில் எழுந்ததும் வெளியிலிருந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, சோளம் வேகவைக்கும் வேலையைப் பார்க்கலாம். விளக்கு போடுமுன் 70 சதவீத ஸ்பிரிட்டால் மேசையைத் துடைத்துத் தூசியை எடுத்துவிடுவது கட்டாயம். துடைக்காத மேசையில் நேரத்தை இரட்டிப்பாக்குவதைவிட, துடைத்த மேசையில் வழக்கமான நேரம் கொடுப்பது மேல்.

அணைத்தபின் வெள்ளை விளக்கைப் போடாமல் மஞ்சள் பல்பில் வேலையைத் தொடங்குங்கள். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொள்வது நல்லது. விளக்கு அணைந்த நொடியிலிருந்து அறைக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. திறந்த கதவு வழியாக வரும் காற்று புதிய ஸ்போர்களோடுதான் வரும். அதைத் தடுப்பது, காற்றின் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியின் வேலை. செலவழிக்கப் பணம் ஓரளவே இருக்கிறது என்றால், இரண்டாவது யூவி குழலைவிட வடிகட்டியோடு கூடிய ஒரு சிறிய லேமினார் ஃப்ளோ பெட்டிக்கே என் ஓட்டு.

இதே கணக்கை மற்ற இடங்களுக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு ஓரிரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் குரோமியம் ஏற்றிய ஈரத் தோலை அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அடுக்கின் மடிப்புக்குள் கதிர் போகாது என்பதால் அங்கே யூவி விளக்கால் பயனில்லை. நிலக்கடலையில் ஃபிளேவஸ் வந்துவிட்டால், மேற்பரப்பு ஸ்போரைக் கொன்றாலும் பருப்புக்குள் சேர்ந்த அஃப்ளாடாக்சின் என்ற அதன் நச்சு அப்படியே இருக்கும். உலர்த்தலில்தான் தடுக்க வேண்டும். செத்த ஸ்போரும் மூக்கில் ஏறினால் ஒவ்வாமை தரும் என்பதால், வீட்டுச் சுவரில் பூத்த பூஞ்சையைச் சுரண்டித் துடைத்து எடுக்காமல் யூவி காட்டிவிட்டுப் படுக்காதீர்கள்.

விளக்கருகே ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிட்டு, எரிந்த மணிகளைக் குறித்து வாருங்கள். வெங்காயத்தோல் சோதனையை மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசியில் ஒருமுறை திரும்பச் செய்து, சென்ற ஆண்டுத் தட்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அதே நேரத்தில் பிழைப்பவை கூடியிருந்தால் குழலை மாற்றுங்கள். பழைய குழலுக்குள் பாதரசம் இருப்பதால் குப்பையில் உடைத்துப் போடாமல், உடையாமல் சுற்றி, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கெடும் பைகள் எவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால், அவற்றில் ஒன்றை மூடியபடியே எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.